விடுமுறைக்கு வழி திறந்தவர்

2010-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஸ்பெயின் நாட்டுத் தலைநகராம் மாட்ரிட் விமான நிலையத்திலே மக்கள் வெள்ளம். பெட்டிகளோடு வந்த குடும்பங்கள். பாட்டனையும் பாட்டியையும் காணப் புறப்பட்ட குழந்தைகள். ஆண்டெல்லாம் அலுவலகத்திலே கணக்கெழுதிக் களைத்து, நாலு நாள் கடற்காற்று வாங்கலாமென்று காசு சேர்த்து வைத்திருந்த கணவனும் மனைவியும். திங்களன்று அரசியல் சட்ட நாள்; புதனன்று கன்னி மேரியின் திருநாள்; இடையிலே கிடக்கும் செவ்வாயை மட்டும் விடுப்பாகப் பெற்றுவிட்டால், சனி ஞாயிறோடு சேர்ந்து நெடியதொரு விடுமுறை. இரு விடுமுறைகளுக்கு இடையே விழும் வேலை நாளைத் தாண்டிச் செல்வதை அந்நாட்டார் 'பாலம்' என்றே அழைக்கின்றனர். அன்று மாலை அந்தப் பாலம் இடிந்து விழுந்தது!

புயலா? இல்லை. இயந்திரப் பழுதா? அதுவுமில்லை. வானிலே செல்லும் விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டாளர்கள் — கோபுரங்களிலும் மையங்களிலும் திரையை நோக்கி அமர்ந்து, நீ ஏறு, நீ இறங்கு, நீ காத்திரு என்று ஆணையிடும் அரசு நிறுவனப் பணியாளர்கள் — கூட்டங்கூட்டமாக இருக்கையை விட்டெழுந்தனர். உடல்நலமில்லை என்று கூறிவிட்டு வெளியேறினர். வானம் அடைபட்டது. ஏறத்தாழ 6 இலட்சம் மக்களின் பயணம் சிதறிற்று. மறுநாள் அரசு, நாட்டிலே நெருக்கடி நிலையை அறிவித்தது. பிராங்கோவின் சர்வாதிகாரம் ஒழிந்து மக்களாட்சி மலர்ந்த பிறகு, ஸ்பெயினில் அத்தகைய அறிவிப்பு வந்தது அதுவே முதன்முறை. வான்வெளி இராணுவத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டது. பணிக்குத் திரும்ப மறுப்போர் இராணுவச் சட்டப்படி தண்டிக்கப்படுவர் என்று எச்சரிக்கப்பட்டது. அன்று பிற்பகலிலேயே விமானங்கள் மீண்டும் பறக்கலாயின. ஆயினும் விடுமுறை போனது போனதுதான்.

எங்கோ ஸ்பெயினில், என்றோ நடந்ததை இன்று ஏன் கிளறுகிறோம் என்று கேட்கலாம். இது ஓய்ந்த கதையன்று. 2022-ஆம் ஆண்டுக் கிறித்துமஸ் நாட்களிலே பிரிட்டனின் விமான நிலையங்களில், கடவுச்சீட்டைச் சரிபார்க்கும் அரசு ஊழியர்கள் வேலையை நிறுத்தினர். 2025 ஜூலை 3, 4 நாட்களில், பள்ளிக் கோடை விடுமுறை தொடங்கும் வேளை பார்த்து, பிரான்சு நாட்டுக் கட்டுப்பாட்டாளர்கள் நிறுத்தினர். ஏறத்தாழ 1,500 விமானங்கள் நின்றன, 3 இலட்சம் பேர் தவித்தனர். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எழுகிறது. பொதுப்பணியிலே இருப்போர், மக்கள் மகிழ்ந்திருக்கவென்று ஒதுக்கிய நாளையே தேர்ந்தெடுத்து வேலை நிறுத்தம் செய்வது அறமாகுமா?

இக்கேள்விக்கு எளிய விடைகள் இரண்டுண்டு. இரண்டும் நமக்கு உவப்பில்லை.

"ஊதியம் போதாதென்றால் வேலையை விட்டுப் போகட்டும்; ஊரைப் பணயம் வைப்பானேன்?" என்பது ஒரு விடை. மேலை நாட்டு இதழ்கள், பயணிகளைப் 'பணயக் கைதிகள்' என்றே இத்தகைய நாட்களில் எழுதுகின்றன. துப்பாக்கி முனையிலே நின்றவனையும், ஒரு நாள் தாமதமாக ஊர் போய்ச் சேர்ந்தவனையும் ஒரே சொல்லால் அழைப்பது சொல்லுக்குச் செய்யும் கொடுமை என்பதோடு இதை விட்டுவிடுவோம்.

மற்றொரு விடைதான் நம்மைப் போன்றோரை மயக்குவது. "விமானத்திலே பறப்பவன் யார்? வசதி படைத்தவன். அவனுடைய உல்லாசம் ஒரு நாள் கெட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா? பாட்டாளியின் வயிறு பெரிதா, பணக்காரனின் பயணம் பெரிதா?" கேட்க இனிக்கிறது, கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் இது உண்மையன்று. வானம் சீமான்களுக்கே உரியதாயிருந்த காலம் மலையேறிவிட்டது. ஐரோப்பாவிலே இன்று, இரயில் கட்டணத்தினும் குறைந்த விலைக்கு விமானச் சீட்டு கிடைப்பதுண்டு. கிறித்துமசுக்கு முன்னாள் இலண்டன் விமான நிலையத்திலே நிற்கும் வரிசையைப் பார்த்தால், அங்கே கட்டடம் கட்டப் போன போலந்துக்காரனும், முதியோரைக் குளிப்பாட்டிக் கஞ்சியூட்டும் வேலைக்குப் போன அயல்நாட்டுப் பெண்ணும் நிற்பர். ஆண்டுக்கொருமுறை பெற்ற பிள்ளையின் முகம் காணப் போகிறவர்கள் அவர்கள். நம் வகுப்பிலே ஒரு சிறுவன் இருக்கிறான். தந்தை வளைகுடா நாட்டிலே கொத்தனார். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்துபோவார். வரும் நாளை எண்ணி, வீட்டுச் சுவரிலே கரிக்கோடு கிழித்து வைத்திருக்கிறான் பையன். அந்த ஒரு மாதத்திலே ஒரு நாள் குறைந்தால், அது 'உல்லாசம்' குறைந்ததாகுமா? அவனிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும், கைதட்டுகிறவர்கள்!

இன்னும் ஒன்று. உல்லாசமேயாயினும் என்ன? உழைப்பவன் ஓய்ந்திருக்கும் நாளை அற்பமென்று பேசுவது, உழைப்பாளியின் பெயரால் பேசுவோர் வாயிலிருந்து வரவே கூடாத பேச்சு. ஏனெனில் அந்த நாள் வானத்திலிருந்து விழுந்ததன்று.

1936-ஆம் ஆண்டுப் பிரான்சை எண்ணிப் பார்க்க வேண்டும். இளவேனிலிலே தேர்தல், இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்றது. லியோன் புளூம் தலைமையமைச்சராகப் பொறுப்பேற்பதற்கு முன்பே ஆலைகள் நின்றன. தொழிலாளர் வெளியேறி வாயிலில் நிற்கவில்லை. உள்ளேயே இருந்தார்கள்! இயந்திரங்களுக்குப் பக்கத்திலே படுத்தார்கள். மனைவிமார் கூடையிலே உணவு கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினார்கள். ஆலை முற்றத்திலே ஆர்மோனியம் போன்ற தோல்துருத்திப் பெட்டியை இசைத்து ஆடினார்கள். மோட்டார் ஆலை நின்றது, நெசவாலை நின்றது, பாரிசின் பெரிய கடைகளிலே துணி மடித்துக் கொடுக்கும் பெண்களும் நின்றனர். ஏறத்தாழ 20 இலட்சம் பேர்! ஜூன் 7-ஆம் நாள் இரவு, தலைமையமைச்சரின் மாளிகையிலே முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் கையெழுத்திட்டனர். ஜூன் 20-ஆம் நாள் சட்டம் பிறந்தது: ஓராண்டு உழைத்தவர்க்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை. வியப்பு என்னவென்றால், மக்கள் முன்னணியின் தேர்தல் அறிக்கையிலே இந்த விடுமுறை இடம்பெறவேயில்லை. நின்ற ஆலைகள் அதைப் பெற்றெடுத்தன.

அந்த ஆகஸ்டிலே, லியோ லக்ராஞ்சு என்னும் இளம் துணையமைச்சர், விடுமுறை செல்லும் தொழிலாளர்க்கு இரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 குறைத்துச் சீட்டு வழங்க ஏற்பாடு செய்தார். பல இலட்சம் மக்கள் புறப்பட்டனர். இரயிலிலே சென்றோர் பலர். இருவர் மிதிக்கும் மிதிவண்டியிலே, கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு சென்றோர் பலர். அதுவரை கடலை ஓவியத்திலே மட்டும் கண்டவர்கள் கடலிலே காலை நனைத்தார்கள். கடற்கரை தங்களுக்கே பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதென்று இருந்த கனவான்கள் முகஞ்சுளித்தார்கள். 'ஊதிய விடுமுறை வந்துவிட்டது' என்று, அந்த மக்களைச் சட்டத்தின் பெயராலேயே ஏளனம் செய்தார்கள்.

ஆகவே, வேலை நிறுத்தம் நம் விடுமுறையைக் கெடுத்ததே என்று விமான நிலையத்திலே பெட்டிமேல் அமர்ந்து புலம்பும் பிரெஞ்சுக்காரன், தன் பாட்டன் பாட்டி எந்த வாயிலை அடைத்து அந்த விடுமுறைக்கு வழி திறந்தார்கள் என்பதையும் ஒரு கணம் எண்ண வேண்டும். எண்ணினால் சினம் அடங்குமோ என்னவோ, அதன் திசையாவது மாறும்.

இவ்வளவோடு முடித்துவிட்டால், நம் கட்சி வென்றுவிட்டது என்று எழுதுகோலை மூடிவிடலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. 1936-க்கும் 2010-க்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டாமல் போவது நேர்மையன்று.

ஆலைத் தொழிலாளி கையை மடக்கிக்கொண்டால் நூல் நிற்கிறது, துணி நிற்கிறது, முதலாளியின் வருவாய் நிற்கிறது. அடி, படவேண்டியவன் மேலேயே படுகிறது. கடவுச்சீட்டு பார்க்கும் அரசு ஊழியன் நிறுத்தினால்? அரசுக்குக் காசு நட்டமில்லை. நிறுத்திய நாளுக்கு ஊதியம் பிடித்தம் என்பதால் மிச்சங்கூட! அரசுக்கு வலிக்க வேண்டுமென்றால், அந்த வலி பொதுமக்கள் உடம்பின் வழியாகத்தான் சென்று சேரவேண்டும். மக்கள் நொந்து, நொந்தவர் முணுமுணுத்து, முணுமுணுப்பு அமைச்சர் செவியிலே ஏறினால்தான் பேச்சு வார்த்தை. அப்படியானால் பயணி யார்? ஒரு கருவி. மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே என்று செருமானிய அறிஞர் காண்ட் வகுத்த நெறியைக் கல்லூரியிலே படித்து, தேர்விலே எழுதி, மதிப்பெண்ணும் பெற்றோம். இங்கே அந்த நெறி நம்மைக் குறுக்கே நின்று மறிக்கிறது.

மறிக்கட்டும், விடை ஒன்று உண்டு. பொதுத்துறையிலே முதலாளி யார்? அமைச்சரா? இல்லை, அவரும் கூலிக்காரரே. முதலாளி, மக்கள். வரி கொடுப்பவரும் வாக்குக் கொடுப்பவரும் மக்களே. 2022 அக்டோபரிலே பிரிட்டனில் விலைவாசி, முந்தைய ஆண்டினும் நூற்றுக்கு 11 அளவுக்கு ஏறியிருந்தது. அரசு ஊழியர்க்கு அளிக்க முன்வந்த உயர்வோ நூற்றுக்கு 2. கணக்குப் பாடத்திலே தடுமாறும் மாணவன்கூடச் சொல்லிவிடுவான், அது உயர்வன்று, ஊதியக் குறைப்பு என்று. அந்தக் குறைப்பு யார் பெயரால் செய்யப்பட்டது? 'வரி செலுத்தும் மக்களின் பெயரால்' என்றே அமைச்சர்கள் கூறினர். அந்த மக்கள்தாம் விமான நிலைய வரிசையிலே நின்றவர்கள். ஆகவே அவர்கள், யாரோ இருவர் சண்டையிலே சிக்கிக்கொண்ட மூன்றாமவர் அல்லர். ஒரு பாதி முதலாளி! தம் பெயரால் செய்யப்பட்ட சிக்கனத்தின் விலையை ஒரு மணி நேரம் நின்று கொடுக்கச் சொல்வது கொடுமையாகாது.

ஒரு பாதி என்றோம். மறு பாதியையும் மறைக்கலாகாது. வரிசையிலே நின்ற போலந்துக்காரனுக்கு அந்நாட்டின் பாராளுமன்றத் தேர்தலிலே வாக்கில்லை. தாயின் கையைப் பிடித்து நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இல்லை. இவர்கள் எந்த வகையிலும் முதலாளிகள் அல்லர். இவர்கள் பங்குக்கு விழுந்தது வெறும் துன்பமே. இக்கணக்கை முழுதும் நேர் செய்ய நம்மால் இயலவில்லை. ஆனால் துன்பத்தைக் குறைக்க ஒரு வழியுண்டு, அது முன்னறிவிப்பு. பிரிட்டன் சங்கத்தார், இன்னின்ன நாளில் இன்னின்ன விமான நிலையங்களில் நிறுத்துவோம் என்று டிசம்பர் 7-லேயே அறிவித்தனர். நிறுத்தம் தொடங்கியது 23-ஆம் நாள். நாள் மாற்ற முடிந்தவர் மாற்றிக்கொள்ளலாம். அரசும் மாற்றேற்பாடு செய்யலாம். செய்தது. இராணுவ வீரர்களைச் சில நாள் பழக்கி, கடவுச்சீட்டு மேடையிலே அமர்த்தியது. அஞ்சிய அளவுக்கு வரிசை நீளவுமில்லை. (அந்த வீரர்களின் கிறித்துமஸ் என்ன ஆயிற்று என்று எந்த அமைச்சரும் வருந்தியதாகத் தெரியவில்லை, அவர்களுக்குத்தான் வேலை நிறுத்தும் உரிமையே கிடையாதே!)

'ஏன் கிறித்துமஸ்? யாருமே பறக்காத ஒரு பிப்ரவரிச் செவ்வாயிலே நிறுத்தக் கூடாதா?' என்று கேட்கிறார்கள். கூடும். அப்படி நிறுத்தினால் அதன் பெயர் வேலை நிறுத்தமன்று, விண்ணப்பம். விண்ணப்பங்களைப் போட்டுப் பார்த்து, அவை மேசையடிக் கூடையிலே தூங்கக் கண்ட பிறகுதானே தொழிலாளி எழுகிறான்!

இந்த உரைகல்லிலே ஸ்பெயின் நிகழ்ச்சியை உரைத்துப் பார்த்தால் பொன்னும் தெரிகிறது, பித்தளையும் தெரிகிறது. அன்று வெள்ளிக்கிழமைதான் அரசு ஓர் அவசர ஆணை பிறப்பித்தது. கட்டுப்பாட்டாளர் ஆண்டுக்கு 1,670 மணி நேரம் பணியாற்ற வேண்டும்; நோய் விடுப்பு முதலானவை அக்கணக்கிலே சேரா என்றது. அதே ஆணை, நாட்டின் விமான நிலையங்களில் நூற்றுக்கு 49 பங்கு வரை தனியாருக்கு விற்கவும் வழி செய்தது. நெடு விடுமுறைக்கு முந்திய நாளிலே இப்படியோர் ஆணையை வீசிவிட்டு, எதிர்ப்பு வருமென்று எதிர்பார்க்கவில்லை என்று எந்த அரசும் சொல்ல முடியாது. பேச்சு வார்த்தை நடக்கும்போதே விதியை ஒருபுறமாக மாற்றுவது ஆள்வோரின் குற்றம்.

ஆனால் கட்டுப்பாட்டாளர்கள்? அரசு வெளியிட்ட கணக்கின்படி அவர்களின் சராசரி ஆண்டு வருவாய் 2 இலட்சம் யூரோ அளவு. அதே 2010-இலே, நாட்டிலே ஐவரில் ஒருவருக்கு வேலையில்லை. ஆசிரியர், செவிலியர் உள்ளிட்ட அரசு ஊழியரின் ஊதியம் நூற்றுக்கு 5 அளவு வெட்டப்பட்டது. வெட்டுண்டவர் தெருவிலே நிற்க, வளம் பெற்றவர் வானத்தை அடைத்தனர். வளம் பெற்றவர்க்கு உரிமையில்லை என்று கூற மாட்டோம். உரிமை, வருவாய்ச் சான்றிதழ் பார்த்து வழங்கப்படுவதன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. அவர்கள் சொல்லிச் செய்யவில்லை. நோயுற்றோம் என்றார்கள். ஒரே மாலையிலே, ஒரே மணியிலே, நூற்றுக்கணக்கானோர்க்கு ஒரே நோய்! வேலை நிறுத்தம் என்பது நெஞ்சை நிமிர்த்தி, 'இதோ நிறுத்துகிறோம், இன்ன காரணத்துக்காக' என்று ஊரறியக் கூறும் உண்மை. அதன் ஆற்றலே அந்த உண்மையில்தான் இருக்கிறது. மருத்துவச் சீட்டின் பின்னே ஒளிந்துகொள்ளும்போது அது ஏமாற்றாகிவிடுகிறது. ஏமாந்தவர், பெட்டியோடு நின்ற மக்கள்.

இந்தப் பொய் நோய் ஸ்பெயினிலே பிறந்ததன்று. 1970-இலே அமெரிக்காவில், ஈஸ்டர் விடுமுறைக்கு முந்திய நாட்களில், ஆயிரக்கணக்கான கட்டுப்பாட்டாளர்கள் ஒருசேர நோய்வாய்ப்பட்டனர். ஏன் பொய் சொன்னார்கள்? உண்மை சொன்னால் சிறை! கூட்டரசு ஊழியன் வேலை நிறுத்தினால் குற்றம் என்று 1955-லேயே சட்டமியற்றி வைத்திருந்தார்கள். 2024 மே மாதத்திலே நம் நாட்டிலும், முன்பு அரசுடைமையாயிருந்து பின்னர் தனியார்க்குக் கைமாறிய ஒரு விமானக் குழுமத்தின் பணிக்குழுவினர் கூட்டாக நோய் விடுப்பெடுத்தனர். வளைகுடா செல்ல வேண்டியோர் தவித்தனர். வெளிப்படையாகப் பேசும் வாயை அடைத்தால் வயிற்றுவலி என்று பேசும். தடை போடுவோர் இதை நினைப்பதில்லை.

நோயென்று சொல்லாமல், உண்மையையே சொன்னால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்கா காட்டிற்று. 1981 ஆகஸ்ட் 3. விடுமுறைக் காலத்தின் உச்சி. ஏறத்தாழ 13,000 கட்டுப்பாட்டாளர்கள் வெளிப்படையாக நிறுத்தினர். வாரத்துக்கு 32 மணி நேர வேலை, ஆண்டுக்கு 10,000 டாலர் உயர்வு, விரைவிலே ஓய்வு என்பன கோரிக்கைகள். மிகையான கோரிக்கை என்பாருமுண்டு. நூற்றுக்கணக்கான உயிர்களை விழியிலே தாங்கி எட்டு மணி நேரம் அமர்ந்து பார்த்தவனே மிகையா குறையா என்று கூறத்தக்கவன். அதிபர் ரீகன் 48 மணி நேரம் கெடு விதித்தார். கெடு முடிந்ததும் 11,000-க்கு மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தார். மீண்டும் அப்பணியிலே சேரவே கூடாதென்று தடையும் போட்டார். அத்தடை 1993-இலேதான் நீங்கிற்று. முந்திய ஆண்டுத் தேர்தலிலே ரீகனுக்கு ஆதரவு தந்த தொழிற்சங்கங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று இந்தக் கட்டுப்பாட்டாளர் சங்கம்! அதே ஆண்டு டிசம்பரிலே, போலந்து நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தை ஒடுக்கிய ஆட்சியைக் கண்டித்து, அத்தொழிலாளரின் உரிமைக்காக ரீகன் உருக்கமாகப் பேசினார். தொலைவிலே நடந்தால் விடுதலைப் போர், வீட்டிலே நடந்தால் சட்ட மீறல் என்பது ஆட்சியாளர் பலர்க்கும் பொதுவான இலக்கணம்.

அப்படியானால் வானத்தைக் காப்பவன் எப்போது வேண்டுமாயினும் எழுந்து போகலாமா? இங்கேதான் ஒரு நாளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1973-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே பிரான்சுக் கட்டுப்பாட்டாளர்கள் வேலையை நிறுத்தினர். அரசு இறங்கி வரவில்லை. வான்வெளியை இராணுவத்தாரிடம் கொடுத்தது. மார்ச் 5-ஆம் நாள், மல்லோர்க்காத் தீவிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற ஸ்பெயின் விமானமொன்றும், மாட்ரிடிலிருந்து வந்த மற்றொன்றும் நாந்து நகருக்கு மேலே முட்டிக்கொண்டன. ஒன்று இறகு சிதைந்தும் எப்படியோ தரையிறங்கிற்று. மற்றதிலே இருந்த 68 பேரும் மாண்டனர்.

குற்றம் யாருடையது? நிறுத்தியவர் மேலா, மாற்றாள் வைத்து வானத்தைத் திறந்து வைத்தவர் மேலா? நாம் அரசின் பக்கமே விரல் நீட்டுவோம். தேர்ந்த கைகள் இல்லையென்றால் வானத்தை மூடியிருக்க வேண்டும். 'நிறுத்தத்தால் நாடு நிற்கவில்லை' என்று காட்டும் வீம்பு, 68 உயிரினும் பெரிதாயிற்று. ஆனாலும் நிறுத்தியவர்கள் அந்த இரவு தூங்கியிருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறோம். சட்டம் விடுவிக்கும் இடத்திலும் மனம் விடுவிப்பதில்லை.

அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் அறிஞர்கள் இதையெல்லாம் எண்ணியே ஒரு கோடு கிழித்திருக்கின்றனர். நின்றால் மக்களின் உயிரும் உடல்நலமும் பாதுகாப்பும் கெடுமென்ற பணிகளிலே வேலை நிறுத்தத்தைத் தடுக்கலாம் என்பது அவர்கள் நெறி. மருத்துவமனை, மின்சாரம், குடிநீர், தீயணைப்பு ஆகியவற்றோடு விமானக் கட்டுப்பாடும் அந்தப் பட்டியலிலே இருக்கிறது. பொதுவான போக்குவரத்து இல்லை; பெட்டி தூக்குவோர் தடுக்கப்பட வேண்டியவர் ஆகமாட்டார்கள். விடுமுறை கெடுவது உயிர் கெடுவதன்று என்பது இதன் உட்கிடை. அதைவிட முக்கியமானது அடுத்த வரி: உரிமையைப் பறித்தால் ஈடு கொடு! விரைவாக, நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் மன்றம் அமை. அதன் தீர்ப்புக்கு அரசும் கட்டுப்படு. பறிப்பதிலே விரைவு காட்டும் அரசுகள், ஈடு கொடுப்பதிலே காட்டும் தூக்கம் இருக்கிறதே!

எல்லாம் கூறிவிட்டு, 2025 பிரான்சு நிறுத்தத்தைப் பற்றி மட்டும் நம்மால் உறுதியாக முடிவு கட்ட இயலவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்பற்றாக்குறை, பழுதுபட்ட கருவிகள் என்று அவர்கள் கூறிய குறைகளிலே நியாயமிருந்தது. ஆனால் வந்துபோகும் நேரத்தைப் பதியும் பொறியையும் எதிர்த்தார்கள். அந்தப் பொறி எதனால் வந்தது? 2022-இன் கடைசி நாளிலே போர்தோ நகர ஓடுபாதையிலே, இறங்க வந்த பெரிய விமானமும் அங்கே நின்ற சிறு விமானமும் நூலிழையிலே தப்பின. கோபுரத்திலே இருக்கவேண்டிய எண்ணிக்கையிலே ஆளில்லை என்று விசாரணை கண்டது. ஐயுறுவதை இழிவென்று கருதும் தொழிலாளியின் மானம் நமக்குப் புரிகிறது; பறக்கும் குழந்தையின் உயிரும் புரிகிறது. பொறி இருக்கட்டும் என்றே மனம் சாய்கிறது.

பள்ளிக்கூடம் அந்தப் பட்டியலிலே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நாம் கவனித்தோம். 2003 ஜூலையிலே தமிழ்நாட்டில், ஓய்வுக்காலச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் நிறுத்தினர். ஓரிரு நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 70 ஆயிரம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலை நிறுத்த அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, அற வகையிலும் நியாயமில்லை என்று தீர்ப்பளித்தது. முதலிரண்டும் நீதிமன்றம் சொல்லத்தக்கவை. மூன்றாவது, மக்கள் தம் நெஞ்சைக் கேட்டுச் சொல்ல வேண்டியது என்பது நம் எண்ணம்.

அந்த ஒரு இலட்சத்து எழுபதாயிரத்திலே ஒருவர், நாம் பணியாற்றும் பள்ளியிலே மூத்த ஆசிரியை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து மீண்டும் பணியிலே சேர்ந்தவர். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் பேச மாட்டார், நாமும் கேட்பதில்லை. ஒரு நாள் ஆசிரியர் அறையிலே, ஸ்பெயின் கதையை அவரிடம் கூறினோம். ஊதியம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. இராணுவம் வந்ததா என்றும் கேட்கவில்லை.

"அந்த மக்களுக்கு எத்தனை நாள் முன்னால் சொன்னார்களாம், தம்பி?" என்றார்.

"சொல்லவே இல்லை, அம்மா."

"நாங்கள் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னோம். பிள்ளைகளுக்குப் பாடம் விட்டுப் போகக் கூடாதென்று, முந்திய சனி ஞாயிறிலும் வகுப்பு வைத்தோம்" என்று கூறிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மணியடிக்கும் முன்பே வகுப்புக்கு எழுந்து போய்விட்டார்.